சொல்லுலகிற் புகுவோர்

படமும் ஒலியும் இன்றிச் சொற்களாலேயே அமைந்த கணினி விளையாட்டுகள் சில உள. திரையில் ஓரிடத்தின் வருணனை தோன்றும். அதனைப் படித்தவர் வடக்கே செல்க, விளக்கை எடுக்க என்றாற்போல ஓர் ஏவலை ஆங்கிலத்தில் எழுதுவார். எழுதிய அளவில் அடுத்த இடத்தின் வருணனை தோன்றும். பல நாட்டினர் ஒரே வேளையில் ஒரே கற்பனையுலகிற் புகுந்து, ஒருவரோடொருவர் உரையாடியும், பூதங்களோடு பொருதும், புதையல் தேடியும் உலவுதற்கு இடந்தரும் இவ்வகை விளையாட்டு ‘மட்’ என வழங்கும். இதனைப் பற்றி எழுந்த எழுத்துகளுட் பெரும்பாலன புதியவர்க்கு வழிகாட்டும் நோக்கின. எவ்வகைப் பாத்திரத்தைத் தெரிதல் நன்று, முதலிற் கொல்லத்தக்க விலங்கு யாது, எவ்வேவலை எவ்வாறு குறுக்கி எழுதலாம் என்பனவற்றை அவை கூறும். புதுமை என்பது விரைவிற் கடக்கவேண்டியதொரு குறை என்னும் கருத்தை அவை ஆராயாமலே மேற்கொண்டுள்ளன. இவ்விளையாட்டுகளை எழுத்தாலாய ஆக்கங்களாகக் கொண்டு நோக்குவார்க்கு அக்கருத்துப் பிழையெனவே தோன்றும். இவ்வுலகங்களின் சொற்களை உள்ளவாறு படிப்பவர், பெரும்பாலும், புதியவர் ஒருவரே.

இவ்வகையின் வரலாறு ஒரு குகையில் தொடங்குகின்றது. அமெரிக்கக் கணினி அறிஞரான வில் குறௌதர், கென்ரக்கி மாநிலத்து மமத் குகைத் தொகுதியினுள் நேரிற் சென்று அளந்து படம் வரைந்தவர். அவர் 1976 ஆம் ஆண்டளவில், தம் புதல்வியர் விளையாடுதற்பொருட்டு, அக்குகையின் ஒரு பகுதியைச் சொற்களால் அமைத்து ‘அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டை இயற்றினார். 1977 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டொன் வூட்ஸ் அதனைப் பெரிதும் விரித்தார். ஒருவர் தனித்து ஆடும் விளையாட்டே எனினும், பின்வந்த யாவற்றுக்கும் அஃதே முதனூல்.

அதன்கண் இரு சிக்கற்பாதைகள் உள்ளன. முதலாவதில் ஒவ்வோர் அறையின் வருணனையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தாம் நிற்குமிடம் யாது என்பதைச் சொற்களைக்கொண்டு அறிதற்கு வழியில்லை. கையிலுள்ள பொருள்களை அறைக்கொன்றாக இட்டு அடையாளம் செய்து, தாளிற் படம் வரைந்து சென்றவரே அதனின்றும் மீண்டனர். மற்றையதில் வருணனைகள் ஒத்தனபோலத் தோன்றினும் சொற்கிடக்கை அறைதோறும் சிறிது மாறுபடும். ஓரடை ஓரிடத்திற் பெயர்க்கு முன் நிற்கும். பிறிதோரிடத்தில் வேறொரு பெயரைச் சாரும். ஏட்டுச்சுவடிகளிற் பாடபேதம் காண்பார்போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து நோக்குபவர்க்கு அவ்வேறுபாடே வழிகாட்டியாகும். ஓர் எழுத்தாக்கம் தன்னைப் படிப்பாரிடத்து இத்துணைக் கூர்மையை வேண்டிநிற்பது அரிது.

ஆயினும் அதே விளையாட்டில் ‘பிறீவ்’, அதாவது சுருக்குக, என்னும் ஏவலும் இடம்பெற்றிருந்தது. ஒருமுறை கண்ட இடத்துக்கு மீண்டும் வருங்கால் வருணனையை விடுத்து இடப்பெயரை மாத்திரம் காட்டுமாறு பணிப்பது அது. அந்நாளில் கணினியின் விடைகள் பலவிடங்களில் தொலையச்சுப் பொறிகளில் ஒவ்வோரெழுத்தாகத் தாளிற் பொறிக்கப்பட்டமையின், இதற்கு நியாயமும் இருந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தவர் 1977 இல் இயற்றத் தொடங்கிய ‘சோர்க்’ இன்னும் ஒரு படி சென்று, நிறைவு, சுருக்கம், மிகுசுருக்கம் என மூவகை நிலைகளை வகுத்தது. தொலையச்சுப் பொறிகள் மறைந்து நெடுங்காலமாயிற்று. சுருக்கம் மறையவில்லை. அது மறையாமைக்குரிய காரணம் பொறியில் அன்று, விளையாட்டின் இயல்பிலேயே தேடற்பாலது.

‘சோர்க்’ முதலியவற்றில் உலகம் படிப்பவர்க்காகக் காத்திருக்கும். அவர் ஒரு வருணனையை ஒருநாள் முழுதும் எண்ணிக்கொண்டிருப்பினும் திருடன் அசையான். விளக்கின் ஒளி குறையாது. அடுத்த ஏவலை எழுதிய பின்னரே காலம் ஓரடி நகரும். பலர் கூடும் உலகில் இது நிகழாது. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவரான றோய் ட்றப்ஷோ முதலாவது ‘மட்’டை எழுதத் தொடங்கினார். 1980 இல் உடன்மாணவரான றிச்சட் பார்ட்ல் அதனைப் பொறுப்பேற்று விரித்தார். அங்கே காலம் யாவர்க்கும் பொது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் புதையலை எடுத்துச் சென்றுவிடுவர். பகைவரும் வந்து தாக்குவர். தேடிய பொருளைச் சதுப்புநிலத்தில் எறிந்தால் புள்ளிகள் சேரும். புள்ளிகள் பெருகப் பெருகப் புதியவர் என்னும் நிலையினின்றும் படிப்படியாக உயர்ந்து மந்திரவாதி என்னும் நிலையை எய்தலாம். போரில் மாண்டாலோ ஈட்டிய அனைத்தும் அழியும். மீண்டும் முதற்படியிலிருந்தே தொடங்கவேண்டும். இத்தகையவோர் உலகில் நின்று படித்தல் என்பது உயிரைப் பணயம் வைத்தலேயாகும்.

எனவே வருணனையைப் பொருட்படுத்தாமை ஆடுவோரின் சோம்பலால் விளைந்ததன்று. வாசிப்பதற்கென எழுதப்பட்ட உலகம், வாசிப்பவரைத் தண்டிக்கும் விதியோடு கூடிப் பிறந்தது. இம்முரணை ‘மட்’ இன்றளவும் தீர்த்துக்கொள்ளவில்லை.

பின்னர்த் தோன்றியவற்றை விரித்தல் ஈண்டு வேண்டா. வேல்ஸ் நாட்டு அபெரிஸ்துவித்தில் 1987 இல் ‘அபர்மட்’டும், 1989 இல் அமெரிக்காவில் ‘ரைனிமட்’டும், அதே ஆண்டிற் சுவீடனில் ‘எல்பிமட்’டும், 1991 இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தவர் இயற்றிய ‘டிக்குமட்’டும் வெளிவந்தன. இவற்றுள் இறுதியிற் கூறியதே புதியவரின் நிலையைப் பெரிதும் மாற்றியது. அதன் மூலநிரல் யாவர்க்கும் வழங்கப்பட்டது. மிட்கார்ட் என்னும் ஆயத்த நகரமொன்றும் அதனோடு சேர்ந்து வந்தது. அதனைப் பெற்றோர் பலர் தத்தம் கணினிகளில் உலகங்களை நிறுவினராயினும், அந்நகரை அவ்வாறே விட்டனர். ஆதலின் எண்ணிறந்த விளையாட்டுகள் ஒரே கோயிலின் வாயிலிலே தொடங்கின. ஓருலகிற் பழகியவர் மற்றோருலகிற் புதியவராகப் புகுந்தபோதும், முதலறையின் பெயரைக் கண்டதும் தெற்கே சதுக்கத்துக்கும் அங்கிருந்து சந்தைக்கும் விரல்தாமே சென்றது. புதியவர் என்று எழுதப்பட்டிருப்பினும் அவர் புதியவரல்லர். உண்மைப் புதியவரோ, சூழவுள்ளோர் யாவரும் ஓடக் கண்டு தாமும் ஓடக் கற்றார்.

‘டிக்கு’ மரபிற் பின்வந்த ‘மேர்க்’ முதலியன புதியவர்க்கெனப் பள்ளியொன்றை அமைத்தன. அப்பள்ளியில் அறைதோறும் அறிவுரை எழுதப்பட்டிருக்கும். எளிய உயிர்கள் கூண்டுகளில் நிறுத்தப்பட்டிருக்கும். புதியவர் ஒவ்வொன்றையுங் கொன்று, அதனாற் பெறும் தேர்ச்சியோடு வெளியேறுவார். இப்பள்ளியை முற்றாகப் பழித்தல் முறையன்று. எவ்வேவலும் அறியாது இருளில் நிற்பவரின் இடர்ப்பாடு கலைச்சுவையன்று. ‘எடு’ என்பதற்குரிய சொல் யாது என்று தேடி அரைநாழிகை உழல்வதால் எவர்க்கும் எவ்வின்பமும் இல்லை. ஆனால் மயக்கம் இருவகைப்படும். ஏவலறியா மயக்கம் ஒன்று. இடமறியா மயக்கம் மற்றொன்று. முன்னையது நீக்கற்பாலது. பின்னையதோ இவ்வகை ஆக்கத்தின் உயிர்நிலை. இவ்வழி எங்கே செல்லும், இவ்வாயிலின் பின் யாருளர் என்னும் ஐயமே ஒருவரைச் சொல்லுக்குச் சொல் நின்று படிக்கச் செய்கின்றது. பள்ளி இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணரவில்லை. அங்கே வருணனை என்பது மதிலில் ஒட்டிய அறிவித்தலாகிவிடுகின்றது. கொல்லும் ஏவலைக் கற்பித்த பள்ளி, நோக்கும் ஏவலை ஒருமுறை கூறி அப்பாற் செல்கின்றது.

விளைவு விரைவிற் புலனாகும். வருணனையின் கீழே, செல்லத்தக்க திசைகளைக் கூறும் ஒரு வரி உண்டு. திரையின் அடியில் உடல்வலிமையை எண்ணாற் காட்டும் மற்றொரு வரி உண்டு. பழகப் பழக ஆடுவோரின் கண் இவ்விரண்டிலுமே தங்கும். இடையிலுள்ள பந்தி, காடாயினும் கடலாயினும், வெறும் இடைவெளியே. இவ்விளையாட்டுகளில் காட்டையும் கடலையும் ‘அறை’ என்றே குறிப்பது நகைக்கத்தக்கதாயினும், இந்நிலைக்குப் பொருத்தமான சொல்லே. ‘மட்லெற்’ போன்ற இக்காலத் துணைநிரல்கள் ஒரு சொல்லையே பல அடிகளாக விரித்து ஆடுவோரை நகரின் ஒரு முனையினின்று மறுமுனைக்குக் கொண்டுசெல்லும். நிலப்படத்தையும் தாமே வரையும். ஒருகாலத்தில் மமத் குகையில் தாமே நடந்து தாமே வரைந்தவர் தொடங்கிய கலை இவ்விடத்தில் வந்து நிற்கின்றது.

பழி முழுவதும் ஆடுவோர்க்கு உரியதன்று, எழுதினோர்க்கும் பங்குண்டு. ‘எல்பிமட்’ மரபில் உயர்நிலை எய்திய ஆட்டக்காரரே புதிய நிலப்பகுதிகளை இயற்றும் உரிமை பெற்றனர். ‘ரைனிமட்’டிலோ தொடக்கநிலையாளரும் தமக்கென அறைகளை அமைக்கலாம். படிப்பவரே படைப்பவராகும் இவ்வேற்பாடு பிற இலக்கிய வகைகளிற் காண்டற்கரியது; போற்றத்தக்கது. ஆயினும், படிப்பதை விட்டுப் பலநாட் கழிந்தபின் எழுதத் தொடங்கியோரின் எழுத்து எத்தகையதாகும் என்பதை ஊகித்தல் கடினமன்று. நீர் அஞ்சி நடுங்குகின்றீர் என்று வருணனை கூறும். படிப்பவரோ அவ்விடத்துப் பூதத்தை ஐம்பதுமுறை கொன்றவராயிருப்பர். காலைக் கதிரொளி தழுவும் சோலை என்று எழுதப்பட்டிருக்கும், உலகத்திலோ நள்ளிரவு. இவற்றினும் பெருங்குறை ஒன்றுண்டு. வருணனையில் ஒரு கிணறோ கல்வெட்டோ கூறப்பட்டிருக்கும். புதியவர் அதனைச் சொல்லளவில் நம்பி, கல்வெட்டை நோக்குக என்று எழுதுவார். அங்ஙனம் ஒன்றும் இங்கில்லை என்று விடை வரும். இரண்டொருமுறை இவ்வாறு ஏமாற்றமுற்றவர் மூன்றாமுறை படியார். வாசகரை ஓர் ஆக்கம் தானே துரத்துதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

ஆட்டக்காரரைப் பகுத்து பார்ட்ல் 1996 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையிற் புகழ்பெற்றது. வெற்றி நாடுவோர், உலகை ஆராய்வோர், கூடி உரையாடுவோர், பிறரைத் தாக்குவோர் என நால்வகையினரை அவர் காட்டுகின்றார். கூர்ந்த பகுப்பே. எனினும் சொல்லின்பம் கருதிப் படிப்பவர் இந்நால்வருள் எவரிடத்தும் தெளிவாக அடங்கார். ஆராய்வோர் அவர்க்கு அணுக்கமானவரே; ஆனால் ஆராய்வோர் நாடுவது உலகின் பொறியமைப்பையும் மறைவிடங்களையும் அறிதல். அறிந்தபின் அவர்க்கும் வருணனை பழம்பொருளாகும். ஐந்தாவதாக வாசகர் என்றொரு வகையைக் கூறாது விட்டமை கட்டுரையாசிரியரின் குறையன்று போலும், அவர் கண்டது நெடுங்காலம் ஆடியோரை, வாசகராயிருப்பதோ தொடக்கநாளினர்.

புதியவர்க்கு உண்மையில் உதவியது பள்ளியன்று, முன்சென்றவரின் துணையே என்பதற்கு இவ்வுலகங்களின் வழக்கமே சான்று. புதியவர் ஐயம் வினவுதற்கெனத் தனியொரு பேச்சுவழி பலவற்றில் உண்டு. மூத்தோர் தாமாக முன்வந்து விடைகூறுவர். தமிழிலக்கியம் பயின்றார்க்கு இது புதிதன்று. பரிசில் பெற்று மீள்வோன், பெறாதானை வழியிற் கண்டு ஆற்றுப்படுத்தும் மரபு பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகளுக்குப் பொருளாயிற்று. அவற்றுள் மலைபடுகடாம், செல்லும் வழியிலுள்ள பாம்புப் புற்றையும் வழுக்கும் பாறையையும் பன்றிக்கு வைத்த பொறியையும் எடுத்துக்கூறி எச்சரிக்கின்றது. இடர் இன்னதென்று கூறும். வழியைச் சுருக்கித் தராது. மலையின் ஒலிகளையும் காட்சிகளையும் விடாது உரைத்தே கூத்தரை நடத்திச் செல்லும். ‘மட்’டின் மூத்தோருள் இவ்வகையினரும் உளர். மாறாக, புதியவர் கேளாதிருக்கவே படைக்கலத்தையும் பொன்னையும் அவர் கையிற் றிணித்து, தம்மைத் தொடருமாறு பணித்து, இருபது அறைகளைக் கணப்பொழுதிற் கடத்திச் செல்வோரும் உளர். ஈகையே எனினும், அது பெற்றவரின் முதல் வாசிப்பைக் களவாடும் ஈகை.

1997 இல் ‘அல்ற்றிமா ஒன்லைன்’, 1999 இல் ‘எவர்க்குவெஸ்ற்’, 2004 இல் ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராவ்ற்’ எனப் படத்தோடு கூடிய உலகங்கள் தோன்றியபின் சொல்லுலகங்களிற் குடிகள் குறைந்தன. அதில் வியப்பில்லை. எண்ணையும் திசையையும் மாத்திரம் காண்பார்க்குச் சொல்லினும் படமே எளிது. ஆயினும் 1991 இல் தோன்றிய ‘டிஸ்க்வேர்ல்ட்’, 1996 இல் தோன்றிய ‘ஆட்வூல்வ்’, 1997 இல் தோன்றிய ‘அக்கேயா’ முதலியன இன்றும் நடைபெறுகின்றன. அங்கே உறைவோருட் கண்பார்வையற்றோரும் உளர். திரையிலுள்ள சொற்களை ஒலியாக்கும் நிரல்களின் துணையால் அவர் ஏனையோர்க்கு ஒப்ப ஆடுகின்றனர். படவுலகங்களுட் பல அவர்க்குக் கதவடைத்தவை. கண்ணாற் படிப்பவர் வேண்டாத வரியைத் தாவலாம். செவியாற் கேட்பவர்க்கு அது அத்துணை எளிதன்று. ஆகவே எழுத்தின் மிகையும் வெற்றுச்சொல்லும் அவர்க்கே முதலிற் புலனாகும்.

இன்று இவ்வுலகங்களுள் ஒன்றிற் புகும் புதியவர், உள்ளார் யாவர் என்று வினவுமிடத்துச் சிலவற்றில் ஐந்தாறு பெயர்களையே காண்பர். அவர் முதலறையில் நின்று, வருணனையை முழுதும் படித்து, அதிற் கூறப்பட்ட தூணையோ ஓவியத்தையோ குறித்துப் பொதுவழியில் ஏதேனும் வினவுவர். பல்லாண்டு அவ்வறை வழியே போய்வந்த மூத்தவர்க்கு உடனே விடைகூற வாயாது. அவர் சுருக்கத்தை நீக்கிவிட்டு, தாமும் அவ்வறைக்குச் சென்று, நோக்குக என்று எழுதவேண்டியவராகின்றார்.