எழுந்து நிற்கச் சொல்லும் வகுப்பறை

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து வத்திராயிருப்புப் பக்கம் செல்பவர், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் புதுப்பட்டி என்னும் ஊரைக் காண்பார். எழுத்தாளர் பாமா பிறந்த ஊர் அது. 1992இல் வெளிவந்த அவருடைய ‘கருக்கு’ தலித் தன்வரலாறாகவே பெரிதும் பேசப்பட்டிருக்கிறது. அதனைப் பள்ளிக்கூடம் பற்றிய நூலாகவும் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாலைப் பொழுதில் பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் விளையாடுகையில் தென்னையிலிருந்து ஒரு காய் விழுந்துவிடுகிறது. மறுநாள் தலைமையாசிரியர் அச்சிறுமியைத் திருடி என்கிறார். அவள் பிறந்த தெருவையே சான்றாகக் காட்டுகிறார். பங்குச்சாமியாரிடம் கடிதம் பெற்று வந்த பின்னரே அவளுக்கு வகுப்பில் இடம் கிடைக்கிறது. இந்நிகழ்ச்சியைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இதனினும் நுட்பமானது வேறொன்று. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ‘அரிசன’ மாணவர்கள் எழுந்து நிற்குமாறு பணிக்கப்படுகின்றனர். நோக்கம் தீயதன்று, அரசின் சலுகைக்காகக் கணக்கெடுக்கிறார்கள். ஆனால் எழுந்து நிற்பவர்மீது வகுப்பு முழுவதன் பார்வையும் விழுகிறது. அச்சலுகையே வேண்டாம் என்று மனம் கூசுகிறது. பழித்துரைத்த தலைமையாசிரியரையாவது வெறுக்கலாம். உதவ வந்தவரை என்ன செய்வது?

நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதையடுத்து, 2023இல் நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது அறிக்கை அளித்தபோது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவதும் கைக்கயிற்றைத் தடை செய்வதுமே சூடான விவாதப் பொருள்களாயின. அதிகம் பேசப்படாத இரண்டு பரிந்துரைகளும் அதில் உள்ளன: வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு இருத்தலாகாது, உதவித்தொகைச் செய்தியைத் தலைமையாசிரியர் மாணவரைத் தம் அறைக்கு அழைத்துத் தெரிவிக்க வேண்டும். ‘கருக்கு’ வெளிவந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகும் இதை எழுதிவைக்க வேண்டியிருந்தது.

ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆர்வத்தால் கன்னியர் மடத்தில் சேர்ந்த பாமா, அங்கே வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளியையே கண்டார், பின்னர் வெளியேறினார். மடத்து வாழ்வைக் கூறும் பகுதிகளில் குற்றச்சாட்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. பள்ளிப் பருவப் பகுதிகளின் செறிவு அவற்றில் இல்லை. எனினும் நம்மை அதிகம் தொடுவது அதுவே. ஏனெனில் அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு கிறித்தவருக்கும் நமக்கும் பொதுவானது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினரின் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து முற்றிலும் விலக்கியது. பிற தனியார் பள்ளிகளைப் போல 25 விழுக்காடு இடங்களை நலிந்தோருக்கு அளிக்கும் சட்டக் கடமை நம் பள்ளிகளுக்கு இல்லை. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின்மீது ஐயம் எழுப்பியது. பேரமர்வில் நம் வழக்கறிஞர்கள் உரிமைக்காக வாதிடட்டும், வாதிடவும் வேண்டும்.

ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத அந்த இடங்களில் நாம் யாரை அமர்த்தியிருக்கிறோம்? கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது தர்மத்தையே பாழாக்கும் என்ற அல்பகரா அத்தியாயத்தின் எச்சரிக்கையை அறிந்த நம் பள்ளி நிர்வாகிகள், ஜகாத் நிதியில் பயிலும் பிள்ளையை எங்கே, எவர் முன்னிலையில் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்?