காப்பும் சாபமும்

தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் படுக்கப்போகுமுன் 91ஆம் சங்கீதம் சொல்வார்கள். அடுத்த வீட்டில் கந்த சஷ்டி கவசம் ஒலிக்கும். இரண்டு வீட்டாரும் கேட்பது ஒன்றுதான்: இருட்டோ நோயோ பகையோ அண்டக் கூடாது.

சங்கீதத்தைக் கவசமாக்குவது மூடப்பழக்கம் என்று முகம் சுளிக்கும் படித்தவர்கள் உண்டு. ஆனால் சாக்கடல் குகைச் சுருள் ஒன்றில் இதே சங்கீதம் பேயோட்டும் பாடல்களோடுதான் இருக்கிறது; பழக்கம் அவ்வளவு பழையது. சங்கீதத்தின் நடையும் அதற்கேற்றதுதான்: எபிரேயக் கவிதையில் ஓரடி சொன்னதை அடுத்த அடி பல இடங்களில் வேறு சொல்லில் மறுபடி சொல்லும். பயந்தவனுக்கு ஒரு தடவை சொன்னால் போதாதல்லவா?

குறை வேறிடத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஆயிரமாயிரம் பேர் விழ, நம்பியவன் மட்டும் தப்புவான் என்கிறது பாட்டு. கொரோனா நாட்களில் கைப்பேசிதோறும் சுற்றியதும் இதுதான். விழுந்தவர்கள் வீட்டிலும் இதைச் சொல்லித்தானே இருப்பார்கள்?

109ஆம் சங்கீதம் இன்னும் கடுமை. கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றிச் சபிக்கும் வயிற்றெரிச்சல் அது. எதிரிக்குப் பெயர் கிடையாது. வரப்புத் தகராறில் இருக்கும் பங்காளியின் பெயரை அங்கே இட்டுக்கொள்வது எளிது. கத்தோலிக்கத் திருச்சபை 1971இல் வெளியிட்ட புதிய திருப்புகழ்மாலை என்னும் அன்றாடச் செபநூலில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் முழுதாக எடுத்துவிட்டது. 137இன் பழிகேட்கும் கடைசி அடிகளையும் நீக்கியது. எனக்கு இது உடன்பாடில்லை. 137 பாபிலோனில் சிறைப்பட்டவர்களின் அழுகை. வாளெடுக்க வழியற்றவன் கோபத்தைக் கடவுளிடம் ஒப்படைக்கிறான். அதையும் பிடுங்கினால் அவனுக்கு என்ன மிஞ்சும்? வசதியாக உட்கார்ந்திருப்பவன் அதே அடிகளை வாசிக்கும்போதுதான் அது நஞ்சாகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆழ்வாரிடம் காப்பு தலைகீழாக நிற்கிறது. கருடன்மேல் வந்த பெருமாளைக் கண்ட பெரியாழ்வார் தனக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த அழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று பதறி அவருக்கே பல்லாண்டு பாடினார் என்கிறது வைணவ மரபு. அசுரரை அழித்த கதைகள் திருப்பல்லாண்டிலும் வருகின்றன. ஆனால் பாடுகிறவருக்கென்று ஒரு பகைவன் அதில் இல்லை. சங்கீதக்காரனுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

91ஐச் சொல்கிறவர்கள் மத்தேயு 4ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, அந்தச் சங்கீதத்தையே எடுத்துக்காட்டி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதி என்று சொல்பவன் பிசாசு. இயேசு குதிக்கவில்லை.