யாருக்கு முன்னால் பாடுவது?

டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை (1954-55) பீட்டர் ஜாக்சன் மூன்று படமாக்கியபோது (2001-03), டாம் பாம்படில் என்கிற பாட்டுக்காரனையே தூக்கிவிட்டார் என்று வாசகர்கள் இன்னும் குறைபடுகிறார்கள். போகட்டும். எனக்குப் பெரிசாகப் படுவது மூன்றாம் படத்தில் வருகிற சின்னப் பாட்டுதான்.

நாவலில், அரசன் இல்லாத கோண்டோரை ஆளுகிற டெனெதர், தன்னிடம் ஊழியத்துக்குச் சேர்ந்த ஹாபிட் பையன் பிப்பினிடம் பாட வருமா என்று கேட்கிறான். எங்க ஜனத்துக்குப் பாடுவேன், பெரிய மண்டபத்துக்கு ஏத்த பாட்டு எங்ககிட்ட இல்ல என்கிற மாதிரி கூசுகிறான் பிப்பின். நல்லவேளை, பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. தப்பித்தான்.

படத்தில் தப்ப முடியவில்லை. பாடியே ஆகணும். வார்த்தைகள் டோல்கீனுடையவைதான், ஆனால் ஹாபிட்டுகள் சொந்த மண்ணில் நடந்துகொண்டே பாடிய பாட்டிலிருந்து எடுத்தவை. மெட்டுப் போட்டவர் படத்தின் இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர் அல்ல, பிப்பினாக நடித்த பில்லி பாய்டு. வெறுங்குரலில் எழும்புகிறது பாட்டு. அங்கே செத்தாலும் சரி என்று அனுப்பப்பட்ட மகன் ஃபராமிர் குதிரையில் பாய்கிறான். இங்கே அப்பன் தக்காளியைக் கடிக்கிறான், சாறு வாயோரம் வழிகிறது. நடைப்பாட்டு ஒப்பாரியாகிப் போச்சு.

நாவலில் இப்படியொரு காட்சியே கிடையாது. ஆனாலும் பிப்பின் எதற்குக் கூசினானோ அதைப் படம் சரியாகப் பிடித்துவிட்டது. தின்கிறவன் முன்னால் நின்று தன் ஜனத்தின் பாட்டைப் பாடுகிற கூச்சம் அது. வரிக்கு வரி எடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

டெனெதர் விஷயத்தில்தான் எனக்குச் சண்டை. நாவலில் அவன் அறிவாளி. பலாந்திர் கல்லைப் பார்த்துப் பார்த்தே நம்பிக்கை இழந்தவன். படத்தில் வெறும் தீனிக்காரன்.