இரசிகனின் பந்தயமும் கலைஞனின் ஊதியமும்

1980இல் அமெரிக்கரான டானியல் ஒக்ரென்ற் வகுத்த பேஸ்போல் விளையாட்டிலே, இரசிகர்கள் மெய்யான வீரர்களைக்கொண்டு கற்பனை அணி அமைத்துப் புள்ளி ஈட்டினர். இம்முறையை இசைக்கும் விரித்து, அறிமுகமற்ற பாடகரைத் தெரிவுசெய்தோருக்கு, அப்பாடகர் புகழ்பெறும்போது புள்ளி வழங்கலாம் என்பர். புகழ்பெற்றோரையே சுற்றிவரும் செவியைப் புதியோர்பால் திருப்புவது இதன் நன்மை. ஆயின் புள்ளி யாரைச் சேர்கிறது? இரசிகனையே. கலைஞன் பந்தயப் பொருளாகிறான்.

மன்னார்க் கத்தோலிக்கக் கூத்து மரபு வேறோர் உறவைக் காட்டுகிறது. வடபாங்கு, தென்பாங்கு என வழங்கும் அக்கூத்துகளில் அண்ணாவியார் பழக்க, ஊரவரே ஆடினர், ஊரவரே செலவேற்றனர். பார்வையாளன் அங்கு உழைப்பின் பங்காளி. எனினும் அதனைப் பொற்காலமாக்குதலும் பொருந்தாது. 1964இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘என்றீக்கு எம்பரதோர்’ நாடகத்தைப் பதிப்பித்தமையால் பனுவல் ஊரெல்லை கடந்தது. ஆடியோரின் குரல் கடக்கவில்லை.

ஆகவே, ஓலைத்தொடுவாயில் இன்று பாடத் தொடங்கும் இளைஞனுக்கு ஊரின் பங்கேற்பும் வெளியுலகின் செவியும் ஒருங்கே வேண்டும். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025இல் சட்டத்தால் தடைசெய்தமை, பணயம் புகுந்த ஆட்டம் எங்கே முடியும் என்பதை உணர்த்தும். பணயமின்றி, நிகழ்ச்சிக்குச் செல்வதற்கும் பாடலை விலைகொடுத்து வாங்குவதற்கும் புள்ளி தரும் விளையாட்டே ஏற்புடையது. கலைஞனின் கைக்கு ஊதியம் சேராதவிடத்து இரசனையும் ஊகவாணிபமே.