பொருளும் பெயரும்: புணே கேள்கர் அருங்காட்சியகத்தை முன்வைத்து

புணேயிலுள்ள ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம், தினகர் கங்காதர் கேள்கர் (1896–1990) இளமையில் இறந்த தம் மகன் ராஜாவின் நினைவாக அமைத்ததாகும். விளக்கு, பூட்டு, பாக்குவெட்டி முதலிய அன்றாடப் புழங்குபொருள்களுக்கு இடமளித்ததே இதன் தனிச்சிறப்பு எனலாம்.

ஆயினும் பொருளைப் பேணுவது வேறு. பெயரைப் பேணுவது வேறு. பாக்குவெட்டியை ஆங்கிலத்தில் 'நட்கிராக்கர்' என்று வழங்குவதுண்டு. அச்சொல் கொட்டையின் ஓட்டை உடைக்கும் கருவியைச் சுட்டுவது; பாக்குவெட்டியோ பாக்கைச் சீவுவது. இதன் மராத்திப் பெயர் 'அடகித்தா'. அதன் முற்பகுதி பாக்கைக் குறிக்கும் கன்னட 'அடகெ' என்பதோடு தொடர்புடையது என்பர். தமிழ் 'அடைக்காய்' இதற்கு இனச்சொல். ஆகவே வெற்றிலை பாக்குப் பண்பாட்டில் மராட்டியத்திற்கும் தென்னகத்திற்கும் உள்ள உறவு இப்பெயரிலேயே பதிந்துள்ளது. பொதுப்பெயர் அதனை மறைத்துவிடுகிறது. ஆங்கிலத்தின் வழியே தமிழாக்குவோர் 'கொட்டை உடைப்பான்' என எழுதினால், நம் வீட்டுப் பாக்குவெட்டியே நமக்கு அயலாகிவிடும்.

எனவே விளக்கக் குறிப்புகளில் வட்டாரப் பெயர் முதலிலும் விளக்கம் அடுத்தும் அமைதல் வேண்டும். அப்பெயர்களை, அப்பொருள்களைப் புழங்கிய முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்வதே ஊர்மக்களை அருங்காட்சியகத்தோடு இணைக்கும் முதற்பணியாகும்.