எரிவதற்காக எழும் சிற்பம்: மலையகக் காமன் கூத்தில் கம்பமும் தப்பும்

இசையையும் சிற்பத்தையும் ஒரே நிகழ்வில் இணைக்கும் நிகழ்த்துகலை, அதாவது கலைஞரின் உடலும் பார்வையாளரின் முன்னிலையும் கடந்து செல்லும் நேரமும் சேர்ந்தே படைப்பாக அமையும் கலை, பொதுவாக இருபதாம் நூற்றாண்டின் மேலைநாட்டுக் காட்சிக்கூடங்களோடு இணைத்தே பேசப்படுகிறது. ஆயினும், இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தை அக்கலையின் கண்கொண்டு நோக்கினால், உருவமும் ஒலியும் ஒன்றையொன்று சார்ந்தே முழுமை பெறும் ஒரு படைப்பு, எந்தக் கூடத்தின் துணையுமின்றித் தலைமுறைகளாக அங்கே நிலைத்திருப்பது புலப்படும்.

கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னர் படிப்படியாகப் பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும் உழைக்க வந்த தமிழக மக்கள், அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளோடு இக்கூத்தையும் தம் நினைவில் சுமந்து வந்தனர். சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்களால் ஏவப்பட்ட காமன் எனும் மன்மதன், மனைவி ரதி தடுத்தும் கேளாமல் சென்று நெற்றிக்கண்ணால் எரிவதும், அவள் புலம்பி வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக மீண்டும் உயிர்பெறுவதும் இதன் கதை.

மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையில் காமன் பொட்டல் எனப்படும் திடலில் கம்பம் நடப்படுகிறது. இதனைக் 'காமன் ஊன்றுதல்' என்பர். கரும்பு, ஆமணக்கு முதலியவற்றின் தண்டுகளைச் சேர்த்து நட்டு, வைக்கோல் புரி சுற்றி, வரட்டி கட்டி அமைக்கப்படும் இக்கம்பத்தின் விவரங்கள் இடத்துக்கு இடம் மாறினாலும், எளிதில் தீப்பற்றும் பொருள்களாலேயே அது உருவாகிறது என்பது கவனத்துக்குரியது. முகமும் கைகால்களும் இல்லாத இந்த உரு, உடலையே இழக்கப்போகும் ஒரு தெய்வத்துக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை எண்ணும்போது, பெயர் தெரியாத அந்தக் கைகளின் சிற்ப அறிவு வியப்பூட்டுகிறது. முடிவை முன்கூட்டியே அறிந்து, அந்த முடிவுக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்தெடுப்பது தேர்ந்த சிற்பியின் குணம்.

நடப்பட்ட கம்பத்தைத் தெய்வமாக்குவது தப்பு எனும் பறை. மரச்சட்டத்தின் ஒரு முகத்தில் தோலை இழுத்துப் பொருத்திய இப்பறையைப் பருத்த குச்சி ஒன்றாலும் மெல்லிய நீண்ட குச்சி ஒன்றாலும் முழக்குகின்றனர். முன்னது அடியின் கனத்தையும் பின்னது அதன் இடைவெளிகளை நிரப்பும் நுண்ணொலியையும் தருகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் பனியில் தோல் ஈரம் ஏறித் தளர்ந்துவிடுவதால், தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சியே நாதத்தை மீட்க வேண்டியிருக்கிறது. ஆகவே, இக்கலையில் தீ இருமுறை தொழிற்படுகிறது: தொடக்கத்தில் அது இசையை எழுப்புகிறது, இறுதியில் சிற்பத்தை நிறைவு செய்கிறது.

தோட்ட வாழ்வில் தப்புக்கு வேறு கடமைகளும் இருந்தன. விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, அழைத்ததும் அதுவே. சாவு வீட்டில் ஒலித்ததும் அதுவே. சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டோரின் வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட அந்தத் தப்பு, காமன் பொட்டலில் தெய்வத்தின் வரவையே ஆளும் குரலாக உயர்வது இக்கூத்தின் பெரும் அழகு. இறுதி இரவில் ரதியும் மன்மதனும் கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து ஆடிவர, நந்தி, வீரபத்திரர், எமன் எனப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றும்போது, தேர்ந்த ரசிகர் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. வருபவர் யார் என்பதை அடியின் நடையிலிருந்தே உணரவும், அசைவற்ற கம்பம் அந்த அசைவுகளுக்கெல்லாம் மையமாக நிற்பதைக் காணவும் பழகுகிறார். கம்பம் எரியும்போது எழும் ரதியின் புலம்பல், ஒப்பாரியில் ஊறிய செவிகளுக்குப் புராணத்தைச் சொந்தத் துயரமாக்கிவிடுகிறது.

அழிவதற்காகவே அமைக்கப்படும் சிற்பத்துக்கு மேலைக் கலையிலும் ஓர் இணை உண்டு. 1960 மார்ச் 17 அன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சிற்பத் தோட்டத்தில், சுவிற்சர்லாந்துக் கலைஞர் ஜீன் டிங்குவெலி, பியானோ, சைக்கிள் சக்கரங்கள் முதலியவற்றால் அமைத்த பொறியொன்றைத் தானாகவே ஒலித்துத் தானாகவே அழியுமாறு இயக்கினார். ஏறத்தாழ 27 நிமிடங்கள் நீடித்த அந்நிகழ்வு நவீன கலையின் துணிச்சலான தருணங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது. அதன் பெருமையைக் குறைக்காமலே ஒரு வேறுபாட்டைச் சுட்டலாம்: டிங்குவெலியின் அழிவு ஒருமுறை நிகழ்ந்து வரலாறானது, காமனின் அழிவோ, பின்வரும் உயிர்ப்பித்தல் சடங்கையும் மறுமாசியில் ஊன்றப்படும் கம்பத்தையும் தன்னுள் அடக்கியது.

இந்த வேறுபாட்டின் வேர் தோட்ட மக்களின் வாழ்நிலையிலும் இருக்கக் கூடும். சிறிய லயக் காம்பிராக்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் அறைகளில், சொந்த நிலமின்றி, 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமையும் மறுக்கப்பட்டு வாழ்ந்த சமூகம், சேமித்து வைக்கத் தேவையற்ற ஒரு சிற்பத்தைப் பேணிவந்தது. பொருள் ஆண்டுதோறும் சாம்பலாகிறது. அதைக் கட்டும் கையறிவும், அடிகளைக் காக்கும் செவியறிவும், பாடல்களை மனப்பாடமாக வைத்திருக்கும் கூத்து வாத்தியாரின் நினைவும் எஞ்சுகின்றன. அவையே இக்கலையின் உண்மையான கருவூலம்.

ஆதலால், தப்பாட்டத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சில நிமிட மேடை நிகழ்ச்சியாக்குவதும், கம்பத்தின் மாதிரியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதும் இக்கலையின் பாதியைக்கூடக் காட்டா. காட்சிக்கூடங்கள் இதனிடம் வர விரும்பினால், ஊன்றுதல் முதல் உயிர்ப்பித்தல் வரையான முழுக் கால அளவையும், நிகழ்த்துவோரின் பெயரையும் ஊதியத்தையும் உரிமையையும் ஏற்றுக்கொண்டு வரவேண்டும். அதற்குக் குறைந்த எந்த மரியாதையும் இக்கலைக்குப் போதாது.