யாரால்?

கங்காணி தமிழ் உரைநடைக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருந்தான். அவனுக்கு முகம் இருந்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யிலும் சரி, பி. எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆன நாவலிலும் சரி, தேயிலைத் தோட்டத்தின் கொடுமை ஓர் ஆளின் உருவில்தான் நடந்து வருகிறது. வாசகன் வெறுக்க ஒருவன் கிடைக்கிறான். எழுத்தாளனுக்கும் வேலை சுலபமாகிறது. இந்த வசதி பறிபோய்விட்டது என்பது நம் எழுத்தின் பிரக்ஞைக்கு இன்னும் எட்டவில்லை.

உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர்களைப் பற்றி வந்துகொண்டிருக்கும் கவிதைகளே சாட்சி. மழை, வண்ணச் சட்டை, முதுகில் பெட்டி. தன் பசியோடு பிறர் பசிக்குச் சோறு சுமக்கிறான் என்றொரு முரண். முரணைச் சொன்னதும் கவிதை முடிந்துவிடுகிறது. இது இரக்கம், பார்வை அல்ல. இரக்கத்தின் மையத்தில் இருப்பவன் எப்போதும் இரக்கப்படுகிறவனே. அந்த இளைஞனின் நாள் எப்படி ஆளப்படுகிறது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

ஆளப்படும் விதம் இது. ஆர்டரை ஏற்கச் சில விநாடிகள். கடையை அடைந்ததும் கைபேசியில் ஒரு தொடல், பொட்டலத்தை வாங்கியதும் ஒன்று, கொடுத்ததும் ஒன்று. இடையில் அவன் வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளி. ஆர்டர்களை மறுத்துக்கொண்டிருந்தால் ஊக்கத்தொகை போகும். நட்சத்திரம் குறைந்தால் அவன் கணக்கே ஆட்டம் காணும். டெய்லர் தம் 'விஞ்ஞான நிர்வாக'த்தை 1911-ல் புத்தகமாக்கியபோது, தொழிலாளியின் பக்கத்தில் ஸ்டாப் வாட்சுடன் ஒரு மனிதன் நிற்க வேண்டியிருந்தது. இன்று கடிகாரம் தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கிறது. அதை வாங்கியதும் அவன் காசு, அதற்கு டேட்டா போடுவதும் அவன் காசு.

மொழியைக் கவனிக்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் கொழுந்தின் எடை குறைந்தால் 'அரைப்பேர்'. அரைநாள் கூலியைக் குறிக்கும் அந்தச் சொல் ஆளின் பெயரையே பாதியாக வெட்டிவிடுகிறது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கடன் குறித்த 'துண்டு' வேண்டும். அது 1921-ல் சட்டப்படி ஒழிந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. இவை கூலிக்காரர்களின் வாயில் புழங்கித் தேய்ந்த சொற்கள். அடிபட்ட இடம் அவற்றில் தெரியும். இன்றைய சொற்களைக் கம்பெனி தருகிறது. தொழிலாளி 'பார்ட்னர்'. கூலி 'எர்னிங்ஸ்'. விலக்கப்படும்போது வரும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'உங்கள் ஐடி முடக்கப்பட்டது.'

செயப்பாட்டு வினை. இலக்கணப்படி செய்தவனுக்கு 'ஆல்' உருபு சேர வேண்டும். அது இங்கே விழுந்துவிட்டது. யாரால் முடக்கப்பட்டது? வாக்கியம் பதில் வைத்துக்கொள்ளவில்லை. பதில் வைத்துக்கொள்ளாமலிருப்பதே அதன் வேலை.

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வரும் மனுக்களின் வடிவம் ஒன்றே: அனுப்புநர், பெறுநர், பொருள். பட்டாவுக்கு அலையும் கிழவிக்கும் பெறுநர் உண்டு. அலைக்கழிப்பது யார் என்பதாவது அவளுக்குத் தெரியும். அந்த வாசலைத் தாண்டி வேலூர் சாலையில் பொட்டலத்தோடு விரைகிறவன் மனு எழுத உட்கார்ந்தால், 'பெறுநர்' என்ற சொல்லுக்குக் கீழே என்ன எழுதுவான்? பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், தெருக்களில் தடுப்புகள். நடக்கிறவர்களின் நேரத்தை யாரும் அளப்பதில்லை. தடுப்புக்கு இப்பால் நிற்கும் அவனுக்கு மட்டும் நிமிடம் ஓடுகிறது. போலீஸ்காரரிடம் கெஞ்சலாம். ஓடும் நிமிடத்திடம் கெஞ்ச முடியாது.

2024-ல் ஹரியானாவின் மானேசரில், அமேசான் கிடங்குத் தொழிலாளர்களை, லாரிகளில் சரக்கு இறக்கி முடியும்வரை தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் போக மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே நோட்டீஸ் அனுப்பியது. கொடுமை செய்தியானதற்குக் காரணம், அதை ஒரு மனித வாய் உச்சரித்ததுதான். அதே கட்டளையைக் கைபேசி ஓர் இலக்கமாகக் காட்டியிருந்தால் அது வெறும் 'டார்கெட்'.

'அல்காரிதம்' என்று சொல்லிக் கைகட்டி நிற்பதும் இந்த மறைப்புக்கு உடந்தையாவதே. நம் இளைய கவிஞர்கள் சிலர் அதை விதிபோல, கடவுள்போல எழுதுகிறார்கள். கணக்கு தானாக மாறாது. 2023 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்தில் பிளிங்கிட் ஒரு டெலிவரிக்கான அடிப்படைத் தொகையை 25 ரூபாயிலிருந்து 15 ஆக்கியது; தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்த எண்ணைச் சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மறைந்திருக்கிறார்கள் என்பதால் இல்லாமல் போய்விடவில்லை.

சட்டமும் இந்த இலக்கணத்தைத்தான் பேசுகிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இவர்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர்கள் என்றே வரையறுக்கிறது. தமிழ்நாடு 2023-ல் நலவாரியம் அமைத்தது. 2025-ல் இரண்டாயிரம் பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொன்றைத் தொட்டது: நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வண்டியைவிட இது பெரிது. காரணம் எழுதினால் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு ஒரு ஆள் வேண்டும்.

இலக்கியத்தின் வேலையும் இதுவே. ஒவ்வொரு 'பட்டது'வின் முன்னாலும் நின்று 'யாரால்?' என்று கேட்பது. கேட்டுக்கொண்டே போனால் வரும் விடைகளில் ஒன்று நமக்கு உவப்பாக இராது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியபின் நட்சத்திரத்தை அழுத்தும் விரல், மேற்பார்வையின் கடைசிக் கண்ணி. பழைய கங்காணி தலைக்காசு வாங்கினான். இந்த விரல் அதே வேலையை இலவசமாகச் செய்கிறது.